வாசலுக்கு வெளியே தம்பி

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் விசாரித்துத் தொலைக்கிறேன். நன்றாக இருக்கிறாயா? உன் மனைவிக்கு முதுகுவலி குறைந்ததா? என் போன் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டாய். வீட்டுக்கு வந்தால் உன் மகள் கதவைத் திறந்து, "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க அத்தை" என்கிறாள். அதனால்தான் இந்தக் காலத்தில் தபால்தலை வாங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் என்ன செய்துவிட்டேன்? முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் காட்ட வேண்டும், காட்டாதவர்களை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் போட்ட உத்தரவா அது? நிர்வாகி என்கிற நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பாவத்துக்கு நிறைவேற்றினேன். உன்னிடம் கூட்டத்தில் சொன்னேன், சமையலறையில் சொன்னேன், உன் மகள் பிறந்தநாளன்று கேக்கை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன். எல்லாவற்றுக்கும் "பாக்கலாம்" என்ற ஒரே பதில். கடைசி நாளன்று ஏப்ரனைக் கழற்றி என் மேசைமேல் மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

சொந்தத் தம்பியை விட்டுவிட்டு மற்றவர்களை நிறுத்தினால் ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது? அதனால் உன்னை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதத்தில்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன்.

போன ஆண்டு தொற்றுக் காய்ச்சலில் நம் இல்லத்தின் மேல்மாடி முழுவதும் காலியானதை நீயும்தான் பார்த்தாய். சூப் கிண்ணத்தோடு ஏறிப்போய், அப்படியே திரும்ப இறங்கிவந்து, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதவன் நீ. அதற்குப் பிறகும் ஒரு ஊசிக்கு இத்தனை அடமா? முடி வளரும் என்று பஸ் நிலையத்தில் விற்ற எண்ணெயை ஒரு கேள்வி கேட்காமல் மண்டையில் கொட்டிக்கொண்டவன்தானே நீ? அதற்கு எந்த ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்தாய்?

புதுச் சமையல்காரர் உப்பைக் கண்ணால் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கீழ்த்தளத்து ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் நேற்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "இது சூப்பா, இல்ல சூப்புச் சட்டி கழுவின தண்ணியா?" என்று கேட்டார். நீ எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். லீவு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் சொல்ல வைத்துவிட்டாய்.

ஊசி போட்டுக்கொண்டு வந்து சேர்.

உன் மேல் கோபமாக இருக்கும்,
அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

நலம். மனைவியின் முதுகு பரவாயில்லை. மகளுக்குப் பொய் சொல்ல வரவில்லை, அத்தையைக் கொண்டிருக்கிறாள்.

உன் கடிதம் முழுக்க என்னைப் பற்றியே இருக்கிறது. லாண்டரிப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு வேலையிழந்து போனவன் நான் ஒருவன் மட்டும்தானா?

அவளுக்கு ஏழாவது மாதம். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்துபோனது உனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதே நீதான். "பிரசவம் ஆகட்டும் மேடம், மறுநாளே வந்து போட்டுக்கிறேன்" என்று உன் அறையில் நின்று கெஞ்சினாள். நான் அப்போது உனக்கு டீ கொண்டு வந்தேன். "டாக்டரே ஆபத்தில்லைன்னு சொல்லிட்டாரும்மா. பயத்துக்கெல்லாம் விதிவிலக்கு கிடையாது" என்றாய். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் காதைவிட்டுப் போகவில்லை.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் துணி அடுக்கும் அறை இருக்கிறது. பெரியவர்கள் யாரும் அங்கே வருவதில்லை. சில மாதம் அவளை அங்கே உட்கார வைத்திருக்கக் கூடாதா? உத்தரவு எழுதியவனுக்கு அவளைத் தெரியாது. உனக்குத் தெரியுமே.

வருகிற சனிக்கிழமை இல்லத்தின் வாசலில் போராட்டம். நானும் நிற்பேன். முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிறகு முதுகில் குத்தினான் என்று சொல்லாதே.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

முதுகில் குத்தவில்லை, உண்மைதான். காதில் குத்தினாய். மதியம் பெரியவர்கள் தூங்குகிற நேரத்தில் ஒலிபெருக்கியும் டிரம்மும் கொண்டு வந்து அடிக்கலாம் என்பது யாருடைய யோசனை? அந்த இரும்புக்கடைக்காரர்தானே? அவருக்கும் நம் இல்லத்துக்கும் என்ன சம்பந்தம்? ஊசிக்குள் ஏதோ சில்லு இருக்கிறது என்றும், அதை வைத்து நம்மை எங்கிருந்தோ கவனிக்கிறார்கள் என்றும் அவர் கத்தினார். ஹெட்மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "என்னைக் கவனிக்க யாராவது இருக்காங்கன்னா சந்தோஷந்தான். என் மகனே மூணு மாசமா கவனிக்கலை" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அதுவரை பொறுத்துக்கொண்டேன். உன் லாண்டரிப் பெண்ணைப் பற்றியும் ராத்திரி யோசித்தேன். ஒருத்திக்குத் துணி அறை கொடுத்தால் அடுத்தவருக்கு எந்த அறை கொடுப்பது? ராத்திரிக் காவலாளிக்கு ஜோசியர் வேண்டாம் என்றாராம். தோட்டக்காரருக்கு மச்சினன் வேண்டாம் என்றானாம். அவள் பயம் நிஜம், இவர்கள் பயம் பொய் என்று நான் தராசு வைத்து நிறுக்க வேண்டுமா? மத்தளத்துக்காவது இரண்டு பக்கம்தான் இடி. எனக்கு எல்லாப் பக்கமும்.

ஆனால் இதை மட்டும் என்னால் பொறுக்க முடியாது. புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பெண் வேலை முடிந்து வெளியே வந்தாள். ஒருவன் அவள் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்துக் கிழித்தான். "மூஞ்சியக் காட்டுடி அடிமை" என்றான். அவள் சின்னப் பெண். நீ போகும்வரை அவளுக்குத் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்து, "சாப்பிடும்மா, காத்துல பறந்துடுவ" என்று சொன்ன பெண்.

அப்போது மைக் உன் கையில் இருந்தது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீ உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

எனக்கு வாழைப்பழத்தில் ஊசி ஏற்றத் தெரியாது. நேராகவே கேட்கிறேன். நீ என் தம்பிதானா?

அக்கா


ஜூலை 8

அக்கா,

உன் தம்பிதான். வேறு யாருக்கு இத்தனை வசவு விழும்?

அன்றைக்கு எனக்கு நாக்கு எழவில்லை. ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. என் மனைவி, "அக்கா கேட்டது சரிதானே, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவள் பங்குக்குக் குத்தினாள். நேற்று முன்தினம், சனிக்கிழமை, மறுபடியும் போனேன். நீ அன்று விடுப்பு என்று காவலாளி சொன்னார். அதனால் நடந்ததை நானே சொல்கிறேன்.

அதே பெண் வெளியே வந்தாள். அதே ஆள் முன்னால் போனான். நான் மைக்கை வாங்கி, "இந்தப் பொண்ணுங்க மேல யாரும் கை வைக்கக்கூடாது. போட்டுக்கிட்டது அவங்க இஷ்டம். ஏன், நானே ரெண்டு ஊசியும் போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம் அக்கா. போட்டிருக்கிறேன். ஊசி வந்த முதல் மாதமே, மனைவியும் நானும் போய்ப் போட்டுக்கொண்டோம். மேல்மாடியைப் பார்த்தவன் போடாமல் இருப்பேனா? சான்றிதழ் அலமாரியில் கிடக்கிறது. நான் அதைக் காட்டியிருந்தால் லாண்டரிப் பெண் துணையில்லாமல் வெளியே போயிருப்பாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு, தனியாக. அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே நின்று காய் நறுக்க என்னால் முடியாது.

இரும்புக்கடைக்காரர் மைக்கைப் பிடுங்கினார். "ஊசி போட்டவனுக்கு இங்க என்னய்யா வேலை?" என்றார்.

"கட்டாயப்படுத்தாதீங்கன்னு சொல்றதுதான் வேலை. ஊசியே விஷம்னு நான் எப்ப சொன்னேன்?"

"அக்கா அனுப்பிச்ச உளவாளிடா இவன்!"

அவ்வளவுதான். என் பதாகையைக் கிழித்தார்கள், என்னைத் தள்ளினார்கள், முழங்கால் சிராய்த்தது. அந்தப் பெண் அந்தக் களேபரத்தில் தப்பித்து ஓடிவிட்டாள், அதுவரை லாபம். காவலாளி கம்பி வழியாகத் தண்ணீர் கொடுத்தார். "உள்ள வந்து காலைக் கழுவிக்கிறேனே" என்றேன். "மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. சர்டிபிகேட் இல்லாம விட முடியாது" என்றார். முழங்கால் எரிச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது உள்ளேயும் ஆளில்லை, வெளியேயும் ஆளில்லை.

தம்பி


ஜூலை 13

அட மடையா,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன், உட்கார்ந்து படித்தேன். நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று அத்தானிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அவர் படித்து முடித்துவிட்டு, "உங்க குடும்பத்துல மூளையை ஒரே ஆளுக்குக் கொடுத்திருக்கலாம், பங்கு போட்டு ரெண்டு பேருக்கும் பத்தலை" என்றார். அவரிடமும் சண்டை.

போட்டுக்கொண்டாய்! போட்டுக்கொண்டு, அதை அலமாரியில் வைத்துவிட்டு, வேலையை விட்டு, வாசலில் நின்று, அடி வாங்கியிருக்கிறாய். உன்னை நினைத்து நான் தூங்காத ராத்திரிகளை யாரிடம் போய்க் கேட்பது? காய்ச்சல் என்று யாராவது சொன்னாலே உன் முகம்தான் முன்னால் வந்தது. இவன் போடவில்லையே, இவனுக்கு வந்துவிட்டால் என்ன செய்வேன் என்றே நினைப்பு ஓடியது. அதையாவது என் காதில் போட்டிருக்கலாம் இல்லையா? நான் நிர்வாகியாகத்தான் கேட்டேன், சரி. அக்காவுக்குச் சொல்லக் கூடாதா?

முழங்காலுக்கு மருந்து போட்டாயா? துருப்பிடித்த கம்பி ஏதாவது கிழித்திருந்தால் அதற்கும் ஒரு ஊசி உண்டு, தயவுசெய்து அதற்கும் போராட்டம் நடத்தாதே.

திங்கட்கிழமை சான்றிதழோடு வா. உன் இடம் அப்படியே இருக்கிறது.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. போனிலும் உன் எண்ணை விடுவித்துவிட்டேன், ஆனால் நீ பேச ஆரம்பித்தால் எனக்கு இடம் கிடைக்காது. எழுத்தே நல்லது.

இல்லத்தில் மறுபடி காய்ச்சல் பரவியது என்று கேள்விப்பட்டேன். சான்றிதழ் காட்டிய புதுச் சமையல்காரர் மூலமாகத்தான் வந்ததாமே? "பாத்தீங்களா!" என்று இரும்புக்கடைக்காரர் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஆனால் இந்த முறை ஒரு உயிர்கூடப் போகவில்லை என்றும் கேள்விப்பட்டேன். ஹெட்மாஸ்டர் எழுந்து உட்கார்ந்து சூப்பைத் திட்டுகிறாராமே? அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது. உன் ஊசி வேலை செய்திருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

லாண்டரிப் பெண்ணுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் சௌக்கியம். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, ஊசி போடற இடத்துக்கு வண்டியில கொண்டுபோய் விடறீங்களா?" என்றாள். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. விட்டேன். போட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும்போது, வேலைக்குப் போகலாமே என்றேன். "வேணாம் அண்ணே. மேடம் மேல கோபமில்ல. ஆனா அந்த வாசல்ல இனிமே தலைகுனிஞ்சுதான் நுழையணும். அது முடியாது" என்றாள்.

எனக்கும் அப்படித்தான், அக்கா. திட்டாதே.

தம்பி


ஜனவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

திட்டவில்லை. திட்டினால் குறைகிற சங்கதியாக இருந்தால் எப்போதோ குறைந்திருக்கும்.

இன்று காலை ஒரு சுற்றறிக்கை வந்தது. இரண்டே வரி. கட்டாய உத்தரவு இன்று முதல் விலக்கிக்கொள்ளப்படுகிறது, தகவலுக்காக. தகவலுக்காக! யாரையெல்லாம் நிறுத்தினோம், அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று ஒரு எழுத்து இல்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்பிய கடிதத்தில் என் கையெழுத்து, திரும்பப் பெற்ற கடிதத்தில் யாருடைய கையெழுத்து என்றே புரியவில்லை, ஒரு கிறுக்கல். வந்த எரிச்சலில் அதைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். பிறகு கோப்பில் வைக்க வேண்டுமே என்று நானே எடுத்து நீவினேன். என் பிழைப்பு அப்படி.

மத்தியானம் லாண்டரிப் பெண் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உடனே உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. "மேடம், கையைக் கழுவிட்டு வாங்க. மாஸ்க்கை எடுக்காதீங்க. குழந்தையைத் தூக்கக் கொடுக்கிறதில்ல, தூர இருந்து பாத்துக்கோங்க" என்றாள். நான் வைத்திருந்தால் இதே சட்டத்தைத்தான் வைத்திருப்பேன். கழுவினேன். பார்த்தேன். குழந்தை நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வார்த்தை வரவில்லை. ஏனென்றால், உண்மையைச் சொல்கிறேன், அந்த உத்தரவு சரி என்றே இன்னும் நினைக்கிறேன். மேல்மாடி மறுபடி காலியாகவில்லை. ஆனால் அவளிடம் அப்படிப் பேசியது சரியில்லை. இது இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பால் விலை, மழை என்று எதையோ பேசிவிட்டு வந்தேன். கடைசியில் செருப்பு மாட்டும்போது, "அன்னிக்கு உனக்கு அந்த அறையைக் கொடுத்திருக்கணும்மா" என்றேன். "ஆமா மேடம், கொடுத்திருக்கணும்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லாததும் நல்லதுதான்.

உன்னை வேலைக்கு வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. வந்தால் நல்லது. அவ்வளவுதான்.

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அவள் வீட்டுக்குப் போனதை அவளே சொன்னாள். "மேடம் ஒரு மாதிரி ஆயிட்டாங்க, பாவம்" என்றாள். நீ பாவமாம். கேட்டுக்கொள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீனில், போன வாரத்திலிருந்து. இதைப் படித்ததும் நீ கத்துவாய், அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அவர்கள் இன்னும் உத்தரவை விலக்கவில்லை. முதல் நாளே சான்றிதழ் கேட்டார்கள். அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு நிமிஷ வேலை.

"அங்கே காட்டியவன் எனக்குக் காட்டினால் என்ன?" என்றுதானே கேட்கப் போகிறாய்? நானும் வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். வேறு ஒன்றுமில்லை. அவர்கள் யாரும் எனக்கு அக்கா இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தானோடு வீட்டுக்கு வா. உப்புப் போட்டுச் சமைக்கிறேன்.

தம்பி