மேகத்துக்கு மேலே மழை இல்லை, சரோ

என் சரோ,

மேகத்துக்கு மேலே மழை பெய்யாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீ எத்தனையோ தடவை கேட்டும் நான் ஒரு தடவைகூட ஒழுங்காகப் பதில் சொல்லாத கேள்வி அது. மேலே வெயில்தான் அடிக்கிறது, கண் கூசுகிற வெயில். நானும் நம் பிள்ளை வள்ளியும் விமானத்தில் கிளம்பிய அன்று கீழே சிங்கப்பூர் முழுக்க மழையில் நனைந்துகொண்டிருந்தது. மேலே ஒரு சொட்டு இல்லை. என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன், இனி நீ நம்பலாம்.

ஆமாம், நானேதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு, கப்பலைத் தவிர வேறெதையும் மதிக்காத அதே மனிதன். நீ அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கடைகளுக்கு முன்னால் போகும் ஐந்தடி நடைபாதைக்கு ஓடுவாய். பாய லேபார் விமான நிலையத்தில் இறங்கப்போகும் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாய்.

"ஏங்க, மேகத்துக்கு மேல மழை பெய்யுமா?"

"பெய்யும். ஆனா குடை விக்கிறவன் அங்க இல்ல."

"நம்ம தெரு அங்கேருந்து தெரியுமா?"

"தெரு தெரியாது. நீ பொங்கவிட்ட ரசம் வாசம் அடிக்கும்."

நீ சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்க ஓடுவாய். அப்படிச் சிரித்த உன்னைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. வள்ளி தட்டுத்தடுமாறி நடக்கத் தொடங்கிய மாதம் அது. அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். கதையை நடுவிலிருந்து ஆரம்பித்தால் உனக்குப் பிடிக்காது.

பிள்ளை உன்னைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். நான் வேலைக்குப் போகும்போது பக்கத்து அறைத் தாயம்மா அக்காதான் அவளைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் மனசு கேட்காமல் வானத்தைக் காட்டி, "அம்மா மேல போயிட்டாங்கடி கண்ணு" என்று சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் போயிருக்கிறது. அன்றிலிருந்து எந்த விமானம் போனாலும் வள்ளி விரலை நீட்டி "அம்மா" என்பாள். தெருவே உருகியது. நான் எதையோ தேடுகிற மாதிரி உள்ளே போய்விடுவேன்.

மதராஸிலிருந்து உன் கமலா அக்கா சொல்லி அனுப்பினார். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிடுங்கள், எனக்கும் ஒன்று இல்லை, நானே வளர்க்கிறேன் என்று. எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். ராத்திரியும் பகலும் மாறி மாறி வேலைக்குப் போகிற ஆம்பளை ஒரு பெண்பிள்ளையைத் தனியாக எப்படி வளர்ப்பான் என்று கேட்டார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். கப்பலில் போய்வர லீவு போதாது என்பதால் விமானம் என்று முடிவானது. எனக்குப் போய்வருவதற்கு, வள்ளிக்குப் போவதற்கு மட்டும். டிக்கெட் எழுதியவர் நிமிர்ந்து பார்த்து, "பிள்ளைக்கு ஒன்-வே தானே?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

தாயம்மா அக்கா கப்பலுக்குக் கட்டுவதுபோலவே மூட்டை கட்டினார். படுக்கைச் சுருள், கூஜாவில் தண்ணீர், ஒரு டின் முறுக்கு, ஊறுகாய் ஜாடி.

"சாயங்காலமே இறங்கிடுவேன்க்கா. எதுக்கு இவ்வளவு?"

"இருக்கட்டும் லா. நடுவுல நின்னுட்டா?"

"நடுவுல நின்னா ஊறுகா எதுக்குக்கா?"

சிரித்தார், பிறகு வள்ளியின் தலையை முகர்ந்து பார்த்துவிட்டு அழுதார். மூட்டையில் பாதியை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினேன். கைப்பையில் உன் கத்திரிப்பூக் கலர் புடவையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். அதில் கட்டிய தூளியைத் தவிர வேறு எதிலும் அவள் தூங்குவதில்லை.

விமானம் ஓடத் தொடங்கியபோது சீட்டின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். வள்ளிக்கு ஒன்றுமில்லை. தரை எப்போது விட்டது என்றே தெரியவில்லை, சரோ. ஒரு நொடி மழையில் நனைந்த கூரைகள். அடுத்த நொடி துறைமுகமும் கப்பல்களும், சிதறிக் கிடக்கும் தீப்பெட்டிகள் மாதிரி. இத்தனை வருஷம் எல்லோரையும் விட உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன் என்று உன்னிடம் எவ்வளவு பீற்றியிருப்பேன். என் கிரேனைத் தேடினேன், காணவே இல்லை. அப்புறம் ஜன்னல் முழுக்க வெள்ளையாகி, ஒரு குலுக்கல் குலுக்கி, வெளிச்சத்துக்குள் வந்துவிட்டோம்.

அதை எப்படிச் சொல்வேன்? கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மேகம் தரையாகக் கிடந்தது. அதன்மேல் யாருமே நடந்ததில்லை. இவ்வளவு பெரிய இடம் தினமும் நம் தலைக்கு மேலேதான் இருந்ததா? நான் குடைக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதும் இருந்ததா? கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்க்கட்டும்.

சீட்டு வாரைக் கட்டச் சொல்லும் விளக்கு அணைந்ததும் வள்ளி என் மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். சீட்டுகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நின்று நின்று அண்ணாந்து முகம் பார்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் பிஸ்கட் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, அவர் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, அடுத்த சீட்டுக்குப் போனாள். பின்னாலேயே போன எனக்கு மூன்றாவது வரிசையில்தான் உறைத்தது. ஆண்கள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

மேலே வந்தாயிற்று, அம்மா இங்கேதானே இருக்க வேண்டும்? அவள் நினைத்ததில் என்ன தப்பு? கடைசி வரிசைவரை போனாள். அங்கிருந்த திரையை விலக்கிப் பார்த்தாள், அங்கே தட்டுகள்தான் இருந்தன. திரும்பி என்னைப் பார்த்து, "அம்மா?" என்றாள்.

பிறகு அழுதாள் பார், அப்படி ஓர் அழுகை. கிரேன் உச்சியிலிருந்து கீழே எட்டிப் பார்க்கப் பயப்படாதவன் நான், அந்த அழுகைக்கு நடுங்கினேன். பணிப்பெண் ஓடிவந்தாள். நம் ஊர்ச் சீனப் பெண். விமானத்தில் கைக்குழந்தைகளுக்காக மேலே இரண்டு கொக்கிகளில் மாட்டும் சின்னத் தொட்டில் ஒன்று உண்டு, அதைக் கொண்டுவந்து காட்டினாள். வள்ளி அதை உதைத்துத் தள்ளினாள். என்ன செய்வதென்று தெரியாமல் உன் புடவையை எடுத்தேன். அந்தப் பெண் புடவையைப் பார்த்தாள், கொக்கிகளைப் பார்த்தாள்.

"புவாய்?" என்று கேட்டாள். மலாய்க்காரர்கள் சாரோங்கில் கட்டும் தூளியைத்தான் கேட்டாள். அவளுடைய அக்கா பிள்ளைகளும் சாரோங்கில்தான் தூங்குமாம், நம் ஊர்ச் சந்தை மலாயில் சொன்னாள். கேப்டனைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனவள், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். "போலே லா," என்றாள். கட்டலாமாம்.

கட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்தேன். என் முழங்கையை வைத்துத் தொங்கிப் பார்த்தேன். பிள்ளையை உள்ளே விட்டதும் அவள் துணியை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், விம்மினாள், அடங்கினாள். சரோ, நீ எந்த விமானத்தைப் பார்க்க அடுப்பை விட்டு ஓடினாயோ, அதே விமானத்துக்குள் உன் புடவை ஆடிக்கொண்டிருந்தது. மேகத்துக்கு மேலே, உன் பிள்ளையைத் தாங்கிக்கொண்டு. நான் ஆட்டக்கூட இல்லை. விமானமே ஆட்டியது. போகிற வருகிறவர்கள் குனிந்து ஒதுங்கிப் போனார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

அவள் விழித்தபின் ஜன்னல் ஓரமாக வைத்துக்கொண்டேன். கீழே மேகத்தின்மேல் எங்கள் விமானத்தின் நிழல் ஓடிவந்தது. நிழலைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். வில் இல்லை, முழு வளையம். எத்தனை மேகம் தாண்டினாலும் கூடவே வந்தது. மேலேயே காட்டிப் பழகிய விரலை வள்ளி முதல் தடவையாகக் கீழே நீட்டினாள்.

மீனம்பாக்கத்தில் உன் கமலா அக்கா நின்றார். அவருக்கும் உன் முகம்தான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். வள்ளி ஒரு பார்வை பார்த்துவிட்டு என் தோளிலிருந்து அவரிடம் தாவினாள். "அம்மா" என்றாள். தேடியது கிடைத்துவிட்டது, இனி எனக்கு என்ன வேலை என்று நினைத்தேன். அக்கா பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அந்த வார்த்தைக்காக எத்தனை வருஷம் கோயில் கோயிலாகப் போனவர்? ஆனால் மெதுவாக அவள் முகத்தை நிமிர்த்தி, "பெரியம்மாடி தங்கம். நான் பெரியம்மா" என்றார். அன்று மட்டுமில்லை, அவள் கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அப்படியே திருத்தினார்.

பிள்ளை பழகட்டும் என்று அவளை அங்கே விட்டுவிட்டு, கும்பகோணத்தில் என் அப்பாவைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா கூடத்தில் உன் புடவையை மடித்துக்கொண்டிருந்தார். வள்ளி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

"இவள கூட்டிட்டுப் போயிடுங்க தம்பி," என்றார் அக்கா.

"ஏன்க்கா? ரொம்பப் படுத்திட்டாளா?"

"படுத்தினா வெச்சுக்கமாட்டேனா? நீங்க போன மறுநாள் ஒரு ப்ளேன் போச்சு. இவ ஓடிப்போய் வாசல்ல நின்னு, கைய நீட்டி, 'அப்பா'ன்னா."

எனக்கு முதலில் புரியவில்லை.

"அம்மா மேல போயிட்டான்னு சொல்லி வெச்சிருக்கீங்க. இப்ப அப்பாவும் போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டா. அன்னிக்கு முழுக்க அழல, சாப்பிடல, வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. செத்தவள எப்படியாவது சொல்லிப் புரியவைப்பேன் தம்பி. உயிரோட இருக்கிற உங்கள எப்படிச் சொல்லுவேன்?"

அவர் புடவையை என் கைப்பைக்குள் வைத்தார். எத்தனை ஆசையாகப் பொம்மையும் கொலுசும் வாங்கி வைத்திருந்தார் தெரியுமா? கொலுசை மட்டும் பிள்ளை காலில் போட்டுவிட்டார். விமான நிலையத்தில் அவளை என்னிடம் கொடுத்தபின், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டே நின்றார். உனக்கு இப்படி ஓர் அக்கா இருந்தாரே என்று அதிசயித்துக்கொண்டே படியேறினேன்.

மதராஸில் டிக்கெட் எழுதியவரும், "பிள்ளைக்கு ஒன்-வே தானே?" என்றுதான் கேட்டார். "ஆமாங்க, வீட்டுக்கு," என்றேன்.

இங்கே நிலவரம் இதுதான். மேலதிகாரியிடம் கெஞ்சி எப்போதும் பகல் வேலையே வாங்கிக்கொண்டேன். தாயம்மா அக்கா வயசாகிவிட்டது என்று புலம்பிக்கொண்டே வள்ளியை இடுப்பை விட்டு இறக்குவதில்லை. போன வாரம் பிள்ளையைத் துறைமுக வேலிக்கு வெளியே நிற்கவைத்து, கிரேனில் ஏறிக் காட்டினேன், இறங்கியும் காட்டினேன். ஏறுகிற அப்பா இறங்கிவருவார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? மூன்று தடவை ஏறி இறங்கினேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறார்கள்.

இப்போதும் விமானம் போனால் ஐந்தடிக்கு ஓடுகிறாள், உன்னைப்போலவே. "பெரிம்மா" என்று கை நீட்டுகிறாள். அக்காவை அடுத்த வருஷம் இங்கே வரவழைக்கப் பார்க்கிறேன்.

நீ எங்கே என்று அவள் ஒரு நாள் வாய்திறந்து கேட்பாள். என்ன சொல்லப்போகிறேன்? இன்னும் தெரியவில்லை. மேலே என்று மட்டும் சொல்லமாட்டேன். நாங்கள் இருவரும் போய்ப் பார்த்துவிட்டோம்.

ஒன்றை மட்டும் உனக்கு வாக்காகத் தருகிறேன், சரோ. என்னைக் கூப்பிட அவள் இனி வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்காது. தலையைத் திருப்பினால் போதும், நான் இருப்பேன்.

உன் வள்ளியின் அப்பா,
மாணிக்கம்