பேர் சொன்னால் வராத குட்டி

செப்டம்பர் 9, செவ்வாய்

உலகின் இந்தத் தென்கோடியில் செப்டம்பரில்தான் வசந்தம். வந்துவிட்டது என்று பள்ளிச் செய்திமடலில் நானே எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் ஆலங்கட்டி மழை. பள்ளி வாசலில் இருபத்தாறு ஜோடி ரப்பர் பூட்ஸ், பாதிக்கு மேல் சாணி.

இருபத்தாறு பிள்ளைகள் இருக்கும்வரை இந்தப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒன்று குறைந்தாலும் ஒருவர் போதும் என்று மேலிடம் சொல்லிவிடும். அந்த ஒருவர் தலைமையாசிரியர் டமட்டி. நான் இரண்டாவது. பதினொரு வருடமாக இரண்டாவது.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி கன்றுக்குட்டி நாள். பிள்ளைகள் ஒரு கன்றையோ ஆட்டுக்குட்டியையோ தாங்களே வளர்த்து, பள்ளிக்கு ஓட்டி வந்து, ரிப்பன் வாங்கும் திருவிழா. 'தாங்களே' என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. போன வருடம் தட்டில் மணல் நிரப்பிப் பூ அடுக்கும் போட்டியில் ஆறு வயதுப் பையன் ஒருவன் முதல் பரிசு வாங்கினான். எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "அம்மா இன்னும் அதை என்னைத் தொட விடல மிஸ்" என்றான்.

செப்டம்பர் 12, வெள்ளி

குட்டிக் குறிப்பேடுகள் திருத்தினேன். தங்கள் குட்டி அன்றன்று என்ன செய்தது என்று பிள்ளைகள் எழுத வேண்டும். ஒன்பது வயது பைப்பர் டாஸ்கர் எழுதியிருப்பது: "டச்சஸின் எடை வளர்ச்சி திருப்திகரமாக உள்ளது. தீவன மாற்றம் பரிசீலனையில் உள்ளது." போன வாரம் இதே பைப்பர் புதன்கிழமையை மூன்று விதமாகத் தப்பாக எழுதினாள். திடீர் முன்னேற்றம்! அவள் அம்மா ப்ரான்வின் டாஸ்கர், எழுநூறு மாடுள்ள பண்ணைக்காரி, எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவி.

டாஸ்கர் பண்ணையில் வேலை செய்யும் ரோமெலின் மூத்த மகள் க்ளாரிஸும் இதே வகுப்பு. பிலிப்பைன்ஸிலிருந்து வந்து இரண்டு வருடம். குடியிருப்பது முதலாளி வீடு, அதனால் சொந்தமாகக் குட்டி வளர்க்க முடியாது. அவள் எழுதியது: "அப்பா காலையில் பூத்திக்குப் பால் கொடுத்தார். குடித்துவிட்டு அப்பாவின் முழங்காலை முட்டியது."

பூத்தி யார் என்று கேட்டேன்.

"பைப்பரோட ஆட்டுக்குட்டி மிஸ். எங்க பாஷையில வெள்ளைன்னு அர்த்தம். டச்சஸ்னு ஒரு பேரு இருக்கறது அதுக்கே தெரியாது."

செப்டம்பர் 18, வியாழன்

ப்ரான்வின் வந்திருந்தாள். கேக் கொண்டு வந்தாள் - அவள் கேக் கொண்டு வந்தால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம். மூன்று வருடமாகச் சாம்பியன் ரிப்பன் டாஸ்கர் வீட்டுக்கே போகிறது. இந்த வருடம் நடுவரைக் கொஞ்சம் 'விவரமானவராக'ப் பார்த்துப் போடச் சொல்கிறாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"பக்கத்து ஊர் ஸ்கூல் பஸ்ஸு இப்ப எங்க கேட் வரைக்கும் வருது நொலீன். மரியாதை எங்க இருக்கோ அங்கதானே பிள்ளைங்களுக்கும் மனசு ஒட்டும்."

டாஸ்கர் பிள்ளைகள் மூன்று பேர். கணக்கு வாத்தியார் வேண்டியதில்லை. நான் சிரித்து, டீ போட்டுக் கொடுத்து, கேக்கை நன்றாக இருக்கிறது என்றேன். அது நன்றாகவும் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

செப்டம்பர் 19, வெள்ளி

இரண்டு வாரம் விடுமுறை. மரியாதைக்கும்.

அக்டோபர் 6, திங்கள்

குளிக்கும்போது வந்த யோசனை. 'கூப்பிடுதல்' என்று ஒரு சுற்று உண்டு. ஒரு முனையில் குட்டியைப் பிடித்துக்கொள்வார்கள், மறு முனையில் நின்று பிள்ளை கூப்பிட வேண்டும், குட்டி ஓடி வர வேண்டும். வழக்கமாகப் பிள்ளையின் கையில் பால் புட்டி இருக்கும். புட்டி இருந்தால் எந்தக் குட்டியும் ஓடும், என் மாமியாரிடம்கூட ஓடும்.

இந்த வருடம் புட்டி கிடையாது. பேர் மட்டும் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"யாரைக் குறிவச்சு இது?" என்று டமட்டி கேட்டார். கல்வி நோக்கம் என்றேன். 'பிள்ளைக்கும் குட்டிக்கும் உள்ள உண்மையான பிணைப்பு' என்று செய்திமடலில் போட்டேன். அருமையான விதி என்று ப்ரான்வினே பதில் அனுப்பியிருக்கிறாள். பிணைப்பாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

கன்றுக்குட்டி நாளில் இறைச்சி சாஸேஜ் சுட ஆள் போதவில்லை. பண்ணை வாசலில் ரோமெலைப் பார்த்துச் சனிக்கிழமை வர முடியுமா என்று கேட்டேன். என்னையா டீச்சர், என்னையா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்து, சோறும் கொண்டு வரலாமா என்றாள். தாராளமாக என்றேன்.

அக்டோபர் 18, சனி

நல்ல வெயில். ஊரே வந்திருந்தது.

தட்டுத் தோட்டங்களைச் சுற்றி அம்மாக்கள் கையில் இடுக்கியோடு கடைசித் திருத்தம் செய்துகொண்டிருந்தார்கள். தங்கள் படைப்பு எது என்று தெரியாமல் பிள்ளைகள் சேற்றில் உருண்டார்கள். நடுவருக்கு எல்லாம் புரிந்தது, ஆனால் அவரும் இதே ஊரில்தானே மாட்டு மருந்து விற்றாக வேண்டும்.

கூப்பிடும் சுற்று. முதல் நான்கு குட்டிகளில் இரண்டு ஓடி வந்தன, ஒன்று புல் மேய்ந்தது, ஒன்று படுத்தே விட்டது. சிரிப்பு, கைத்தட்டல். பிறகு பைப்பர். ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிய குட்டி, நீல நாடா.

"டச்சஸ்!" என்றாள். குட்டி அசையவில்லை. "டச்சஸ், வா!" எல்லைக் கயிற்றுக்கு வெளியிலிருந்து ப்ரான்வினும் பல்லைக் கடித்தபடி கூப்பிட்டாள். குட்டி தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. ஓட ஆரம்பித்தது. பைப்பரைத் தாண்டி, ப்ரான்வினைத் தாண்டி, கயிற்றுக்கு அடியில் நுழைந்து, சாஸேஜ் அடுப்புக்கு நேராகப் போய் ரோமெலின் முழங்காலை முட்டியது.

கையில் இடுக்கியோடு ரோமெல் சிலைபோல் நின்றார். முதலாளியம்மாவைப் பார்த்தார்.

"என்கிட்ட வரல மேடம்," என்றார். "சாஸேஜ் வாசனைக்கு வந்திருக்கு."

கூட்டத்தில் யாரோ, "ஆடு எப்பய்யா சாஸேஜ் தின்னுச்சு?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். மைதானமே சிரித்தது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ப்ரான்வினும் சிரித்தாள், பல் மட்டும். ரோமெல் குனிந்து குட்டியைத் தள்ளித் தள்ளி விட்டார். அது திரும்பத் திரும்ப வந்தது.

பைப்பர் அழவில்லை. "அது பேரே எனக்குப் பிடிக்கல மிஸ். அம்மா வச்சது" என்றாள். சாம்பியன் ரிப்பன் வேறு ஒருவருக்குப் போனது.

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்றைய சிரிப்பு இன்று சரியாக ஜீரணமாகவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ப்ரான்வின் பிள்ளைகளை மாற்றவில்லை! இப்போது மாற்றினால் குட்டிக்குப் பயந்து ஓடினாள் என்று ஊர் சொல்லும். மூன்று பேரும் வகுப்பில் இருக்கிறார்கள். ஜெயித்துவிட்டேன் என்று டமட்டியிடம் சொன்னேன். அவர் கோப்பையைக் கழுவினார்.

க்ளாரிஸின் குறிப்பேட்டில் இன்று ஒரே வரி: "அப்பா இப்போது குட்டிக் கொட்டகைக்குப் போவதில்லை."

நவம்பர் 7, வெள்ளி

கன்று ஈனும் காலம் முடிந்துவிட்டதாம், இவ்வளவு ஆள் தேவையில்லையாம். இந்த மாதக் கடைசியோடு ரோமெலுக்கு வேலை இல்லை. வேலை இல்லை என்றால் வீடும் இல்லை. அவருடைய விசாவே இந்த வேலையோடு ஒட்டியது, சீக்கிரம் இன்னொரு பண்ணை கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு ஊருக்குத்தான். டமட்டி சொல்லித்தான் தெரியும்.

அந்த விதியைப் போட்டபோது எனக்கு ரோமெல் ஞாபகத்துக்கு வரவில்லை என்று இங்கே எழுதிவிடலாம். யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் வந்ததே. அடுப்பைக் கயிற்றுக்குப் பக்கத்தில் போடச் சொன்னது யாரு? நான்தானே. குட்டி சும்மா நின்னா அவ்வளவு வேடிக்கை இல்ல, அவர்கிட்ட ஓடினாத்தான் வேடிக்கைன்னு நினைச்சேனே. அவளைக் குத்தணும்னு கத்தியை எடுத்து அந்த மனுஷன் கையில கொடுத்துட்டு, நான் தூரமா நின்னு சிரிச்சிருக்கேன். சீ.

நவம்பர் 13, வியாழன்

ப்ரான்வினைப் பார்க்கப் போனேன். விதி என்னுடையது, தப்பும் என்னுடையது, ரோமெலை வேலையிலிருந்து அனுப்பாதே என்றேன். அவள் டீ போட்டுக் கொடுத்தாள்.

"எந்த விதி? அது அருமையான விதி நொலீன். என் பொண்ணு நிறையக் கத்துக்கிட்டா."

இந்த முறை கேக் இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

ரோமெலுக்கு வடக்கே ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு பண்ணையில் வேலை கிடைத்துவிட்டது. நாளை கிளம்புகிறார்கள். க்ளாரிஸுக்கும் தங்கைக்கும் இன்று கடைசி நாள். பதிவேட்டில் இப்போது இருபத்து நான்கு. மேலிடத்துக்கு நானே எழுதி அனுப்பினேன். அடுத்த வருடம் என் அறையில் உடற்பயிற்சிப் பாய்களை அடுக்குவார்களாம். எனக்கு நற்சான்றுக் கடிதம் தர நிர்வாகக் குழுத் தலைவி முன்வந்திருக்கிறாள்.

மூன்று மணிக்கு ரோமெல் பிள்ளைகளை அழைத்துப்போக வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா இந்த ஊர்ல யாரும் எங்களை ஒண்ணுக்கும் கூப்பிட்டதில்ல டீச்சர். நீங்கதான் கூப்பிட்டீங்க. என் பொண்டாட்டி இன்னமும் சொல்லிக்கிட்டே இருக்கா."

ஏன் கூப்பிட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பத்திரமாகப் போய் வாருங்கள் என்று சொன்னேன்.