அவனே பார்த்துக்கொள்கிறான்

அன்புள்ள ஆர்விட்,

இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. நீ அந்த அலாஸ்கா குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். டுலூத்தில் ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, அப்பா பனியில் ஓட்டை போட்டு நாள் முழுக்கத் தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு வருகிறார், கேட்டால் மீனுக்கெல்லாம் இன்னிக்கு லீவுடீ என்கிறார்.

உன் கடிதம் கிடைத்தது கண்ணா. உன் கையில் ஒட்டியிருக்கும் கருவி அனுப்பும் சர்க்கரை அளவு என் போனில் தெரியாதபடி நீ நிறுத்திவிட்டாய் என்று நான் அழுததை மனதில் வைத்துக்கொண்டு, வேண்டுமானால் மறுபடி தெரியும்படி செய்கிறேன், நீயே சொல்லம்மா என்று எழுதியிருக்கிறாய். பொய் சொல்ல மாட்டேன், உடனே செய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இத்தனை வருடம் அந்த எண்ணைப் பார்த்த பிறகுதானே எனக்குக் காலைக் காபியே இறங்கும். ஆனால் அன்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் வகுப்பு இருந்தது, வந்து எழுதலாம் என்று போய்விட்டேன்.

புதிதாகச் சர்க்கரை நோய் கண்ட குழந்தைகளின் பெற்றோருக்கு நர்ஸ் நடத்தும் அதே வகுப்புதான், அனுபவப்பட்ட பழைய அம்மா என்று நானும் போய் உட்கார்வேனே. இந்த முறை ஷெல்பி என்று ஒரு பெண், மகள் ஹேசலுக்கு ஆறு வயது, நோய் தெரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேலையை விட்டுவிட்டுப் பள்ளி விடும்வரை வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்திருக்கிறாளாம். இவளுக்கும் க்ளாஸ்ல ஒரு பெஞ்சு போடச் சொல்லணும் என்று அவள் புருஷன் டேல் சொன்னான், யாரும் சிரிக்கவில்லை, அவனும்தான். நான் ஓவனில் சுட்டுக் கொண்டுபோன உருளைக்கிழங்கு ஹாட்டிஷில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு மாவுச்சத்து என்று எல்லோரையும் கேட்டேன். இன்சுலின் அளவே அந்தக் கணக்கை வைத்துத்தானே, தன்னுடையது தப்பு என்றதும் ஷெல்பி அழுதேவிட்டாள், இதே தப்பு வீட்டுல நடந்திருந்தா என் பொண்ணு என்னாயிருப்பா என்று. நானும் இன்னும் தப்பாத்தாம்மா சொல்றேன், சர்க்கரை இறங்கினா ஜூஸ் குடு, ஏறினா நர்ஸ் சொன்னபடி திருத்திக்கோ என்றேன். அது அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

பிறகு, பிள்ளையோட எண் போன்ல எப்படித் தெரியும், காட்டுங்க என்றாள். பழக்க தோஷத்தில் திறந்து நீட்டிவிட்டேன். உன் பெயர் இருந்தது, அதன் கீழே எண்ணுக்குப் பதில் வெறும் கோடு. எனக்கு ஒரே கூச்சமாகிவிட்டது. நிறுத்திட்டான்மா, இருபத்திநாலு வயசு, அலாஸ்கால ஃபேர்பேங்க்ஸ்ல வாத்தியாரா இருக்கான் என்று இழுத்தேன். அவள் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அப்போ இப்ப அவனை யாரு பாத்துக்கறா என்றாள். அவனேதான் என்றேன். அதை வாய்விட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் போனைப் புருஷனிடம் நீட்டி, பாரு டேல், இந்தப் பையன் அவனே பாத்துக்கறானாம், நம்ம ஹேசலும் இப்படி ஆவாடா என்றாள். அந்தத் தடியன் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான். மறுநாள் அவளை மளிகைக் கடையில் பார்த்தேன், பள்ளி நேரத்தில். கையில் போனைப் பிடித்தபடிதான், ஆனாலும் கடைக்கு வந்துவிட்டாளே.

அதனால் என் பதில் இதுதான், வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை, அது என் பாடு. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

உன் பக்கத்து வீட்டில் இருக்கும் ஆசிரியரிடம், சர்க்கரை ரொம்ப இறங்கினால் போடும் அவசர ஊசி இருக்கும் இடத்தைக் காட்டி வை. கடவுள் உன்னோடு இருக்கட்டும், நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். எண்ணைக் கேட்க மாட்டேன். கேட்டால் போனை வைத்துவிடு.

உன் அம்மா,
வெர்னா