முதல் பேய் யாருடையது

பிப்ரவரி 3, திங்கள்

கடையில் கூட்டமில்லை. பரீட்சை நெருங்குவதால் பேனாவும் கிராஃப் நோட்டும் மட்டும் போகின்றன.

பதினொரு மணிக்குச் சுவாதி வந்தாள். திருச்சுழிப் பெண். மதுரையில் ஒரு கல்லூரியில் பழைய சித்திரக்கதைப் புத்தகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். 23ஆம் தேதி நூலக அரங்கில் அப்பாவுக்குப் பாராட்டு விழாவாம். நோட்டீஸே அடித்துவிட்டாள். ‘தமிழ்ப் பேய்ச் சித்திரக்கதையின் முன்னோடி வெள்ளத்துரை.’ படித்ததும் அதை மடித்து மேசை அறைக்குள் வைத்துவிட்டேன். நல்ல செய்தி என்றாலும் எனக்கு முதலில் பயம்தான் வரும்.

“அப்ப எல்லாரும் துப்பறியிற கதையும் ராஜா கதையுந்தான் போட்டுக்கிட்டிருந்தாக சார். புத்தகம் முழுக்கப் பேயை வச்சு மொதல்ல போட்டது உங்க அப்பாதான். மத்தவுக அவரைப் பாத்துத்தான் வந்தாக” என்றாள்.

“அத்தாட்சி இருக்கா?”

“அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

எங்கே கிடைக்கும்? அருப்புக்கோட்டையிலிருந்து அப்பா நடத்திய கருக்கல் காமிக்ஸ் எதிலும் தேதி கிடையாது. தேதி போட்டால் புத்தகம் பழசாகிவிடும், பஸ் ஸ்டாண்டுக் கடையில் போகாது என்று அவரே வேண்டாமென்று விட்டது. 1979 தீபாவளிக்கு வந்ததாகச் சொல்வார். இப்போது கேட்கவும் முடியாது. பக்கவாதம் வந்து மூன்று வருஷம். வலது பக்கம் போனது, பேச்சும் போனது, மிஞ்சியது ஒரே வார்த்தை. பசிக்குதா? ஆமா. பசிக்கலையா? ஆமா.

பிப்ரவரி 5, புதன்

அந்தக் கதையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ‘ஈரக்கூந்தல்.’ ஒரு பொட்டு தண்ணீர் இல்லாத கிணற்றுக்குள்ளிருந்து, தலைமுடி சொட்டச் சொட்ட ஒருத்தி ஏறி வருவாள். எங்கிருந்து நனைந்தாள் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது.

அச்சுக்குப் போகுமுன் அப்பா ஒவ்வொரு கதையையும் எனக்குத்தான் சொல்லிப் பார்ப்பார். சொல்லி முடித்து, “அய்யப்பா, பின்னால போயி வாளி எடுத்துட்டு வா” என்பார். நான் பயப்படாமல் போய்விட்டேன் என்றால் கதையைக் கிழித்துப் போடுவார். ‘ஈரக்கூந்தல்’ கேட்ட அன்று நான் போகவில்லை. அழுதேன், காய்ச்சல் வந்தது. அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அது மூன்றாம் வகுப்பா, நான்காம் வகுப்பா? பயம் நினைவிருக்கிறது, வருஷம் நினைவில்லை.

ஐம்பத்தைந்து வயதிலும் பின்பக்கம் போவதென்றால் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போனைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். காவிரிக்கரை ஊர் ஒன்றிலிருந்து வெளிவந்த நிலாமணி காமிக்ஸின் ரசிகர் ஒருவர் முகநூலில் எழுதியிருக்கிறார். ‘நிலாமணியின் கிணற்றுப்பேய் இதழ் 1980 ஜனவரி, என்னிடம் மிஞ்சிய அட்டையில் தேதி அச்சாகியிருக்கிறது, முழுப் பிரதி இன்று யாரிடமும் இல்லை. அருப்புக்கோட்டைக்காரர் அதைப் பார்த்துக் காப்பியடித்தவர். திருடனுக்கு விழாவா? 23ஆம் தேதி நேரிலேயே வந்து கேட்கிறேன்.’

கீழே நாற்பது பேர் சிரித்திருக்கிறார்கள். திருடன் என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாவைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அவர் காதுபட இதைக் கேட்பார்களா? அவருக்குப் பேச்சுதான் இல்லை, காது நன்றாகக் கேட்கும். அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 12, புதன்

எழுதவே கை வரவில்லை.

மத்தியானம் அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். ‘ஈரக்கூந்தல்’ பிரதி கிடைக்கும் என்றுதான் திறந்தேன். துணிக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி ஒரே ஒரு புத்தகம். நிலாமணி காமிக்ஸ், ஜனவரி 1980. அட்டையில் வறண்ட கிணறு, பக்கத்தில் முள்ளோடு உடைமரம், ஈரத்தலையோடு அவள். உள்ளே கட்டத்துக்குக் கட்டம் பென்சில் ‘டிக்’. அப்பாவின் டிக்தான், அந்த நீண்ட வால் எனக்குத் தெரியாதா?

அப்படியானால் இதை வைத்துக்கொண்டுதான் — ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து —

அப்பா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கையை நீட்டினார், கண்ணில் தண்ணீர். புத்தகத்தைக் கேட்டாரா, ஒளித்து வை என்றாரா?

“இதைப் பாத்துத்தான் போட்டீகளாப்பா?”

“ஆமா.”

அவர் எதற்கும் ஆமா சொல்கிறவர். தெரியும். ஆனாலும் நம்பிவிட்டேன். பயந்தவன் காதில் அது பதிலாகவே விழுந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் வேப்பஞ்சருகோடு போட்டு எரித்துவிட்டேன். கடைசிப் பக்கங்களைப் புரட்டக்கூட இல்லை. அந்த அட்டையை இன்னொரு தடவை பார்க்கவே பயமாக இருந்தது.

“என்னத்தங்க எரிக்கிறீக?” என்று முருகலட்சுமி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

“பழைய பில்லு.”

முப்பது வருஷத்தில் என் மனைவியிடம் இவ்வளவு சுலபமாக நான் பொய் சொன்னதில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

குளித்தும் கையில் புகை நாற்றம் போகவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

சுவாதி இன்று ஓர் ஆளைக் கூட்டி வந்தாள். உதயகுமார், பாலவனத்தம், ரிட்டயர்டு கண்டக்டர். முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

“தம்பி, அந்தத் தீவாளிக்கு ‘ஈரக்கூந்தல்’ படிச்சிட்டு ரெண்டு நாள் நான் வெளிய வரல. அப்புறம் நிலாமணிக்கு ஒரு லெட்டர் போட்டேன். கருக்கல்காரவுக பேய்க்கதை போட்டாக, நீங்க எப்பப் போடப் போறீகன்னு. சனவரி புத்தகத்துல அவுக பேய் வருது, கடேசிப் பக்கத்துல என் லெட்டரும் வருது! கீழ ஆசிரியர் பதில். ‘அருப்புக்கோட்டை நண்பர் காட்டிய வழியில் நாமும் வந்துவிட்டோம்’னு. என் பேரு மொதமொதல்ல அச்சுல வந்தது அன்னைக்குத்தான்.”

“அந்தப் புத்தகம் இப்ப எங்க இருக்கு?” என்று கேட்டேன்.

“சைக்கிள்ல கொண்டாந்து உங்க அப்பா கையிலதான் குடுத்தேன். சிரிச்சாரு பாருங்க! பென்சிலை எடுத்து, ‘இது நம்மளுது, இதுவும் நம்மளுது’ன்னு கட்டங்கட்டமா டிக் அடிச்சாரு. நிலாமணிக்காரவுக ஊரு ஆத்தங்கரை தம்பி. அங்க ஏது வத்துன கிணறும் உடைமரமும்? பத்திரமா வச்சிருப்பேன்னாரு.”

அப்பா இடது கையைத் தகரப்பெட்டிப் பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார். “ஆமா... ஆமா.”

“பொட்டியில பாத்தீகளா சார்?” என்றாள் சுவாதி.

“தேடிப் பாக்குறேன்” என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

நாற்பத்தைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு தீக்குச்சியில் முடித்துவிட்டேன். காட்டச் சொல்லித்தான் கை நீட்டியிருக்கிறார், மடையா.

பிப்ரவரி 22, சனி

உதயகுமார் நாளைக்கு மேடையில் பேசுகிறாராம். அந்த ரசிகர் எழுந்து ‘புத்தகம் எங்கே’ என்பார். வெள்ளத்துரையிடம் கொடுத்தேன் என்பார் இவர். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். இல்லை என்று நான் சொன்னால் அந்த மனிதர் பொய்யராகிறார், அப்பா திருடனாகிறார். நான் மட்டும் தப்பிப்பேன்.

உண்மையைச் சொன்னால் அப்பாவும் கேட்பார். அதுதான் பெரிய பயம். முருகலட்சுமியிடம் சொல்லிவிட்டேன். அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாள். பிறகு, “மாமா காதுல விழட்டும். இந்த வீட்டுல பயப்படாதவுக அவுக ஒருத்தருதான்” என்றாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அறுபது பேர் இருக்கும். மைக் என் பல்லில் இடித்தது. பெட்டியில் கண்டதை, டிக் அடித்திருந்ததை, எரித்ததை, உதயகுமார் சொல்வது நிஜம்தான் என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த ரசிகர் எழுந்தார். “வசதியாத்தான் எரிஞ்சிருக்கு” என்றார். அரங்கே சிரித்தது. உதயகுமார் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

சுவாதி வெளியே வந்து சொன்னாள். “நீங்க சொன்னதைச் சாட்சியா எழுதிக்கிறேன் சார். ஆதாரம்னு எழுத முடியாது. முன்னோடிங்கிற வார்த்தையும் எடுக்கணும்.” அவள் மேல் கோபமில்லை.

அப்பாவின் நாற்காலிக்கு முன் குனிந்தேன். “கேட்டீகளாப்பா? நான்தான் எரிச்சேன்.”

மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஆமா சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

இன்னும் ஒரு வார்த்தை இல்லை. கஞ்சியை முருகலட்சுமி கையால்தான் குடிக்கிறார். நான் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். பேசாமலே போய்விடுவாரோ?

பிப்ரவரி 28, வெள்ளி

கடையிலிருந்து ஒரு புது நோட்டு எடுத்து வந்தேன். சாயங்காலம் அவர் கட்டில் பக்கம் உட்கார்ந்து ‘ஈரக்கூந்தல்’ கதையை நினைவிலிருந்து எழுத ஆரம்பித்தேன். எழுத எழுதச் சத்தமாக வாசித்தேன். முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

கிணற்று இடம் வந்தது. வாசிக்கும்போதே என் கழுத்துக்குப் பின்னால் சில்லிட்டது, குரல் உடைந்தது, நிறுத்திவிட்டேன். அதே ஒன்பது வயசுப் பயம்.

அப்பா மெல்லத் திரும்பினார். என் முகத்தையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கிப் பின்வாசலைக் காட்டினார். அங்கே வாளி இருந்தது.

“என்னால போக முடியாதுப்பா” என்றேன்.

“ஆமா” என்றார். சிரித்தார்.