உங்கள் பேரில் நிறுத்தப்பட்ட களி

என்றும் என் அன்புக்கு உரியவரே,

உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை. ஆனால் கோபமாக இருக்கிறேன். பாதிக் கோபம் உங்கள் மேல்தான். சாவதற்கு உங்களுக்குத் திருவாதிரை நாள்தானா கிடைத்தது?

அன்று சிதம்பரத்தில் தரிசனம் முடித்து வந்தீர்கள். களியை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, நெய் போதவில்லை என்று குறையும் சொல்லிவிட்டுப் படுத்தீர்கள். எழுந்திருக்கவில்லை. மறு வருஷமே உங்கள் தங்கை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பண்டிகை நாளில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அந்தப் பண்டிகையே கிடையாதாம். அதே நாளில் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால்தான் திரும்ப வருமாம். உங்களுக்கு மரியாதை என்று நினைத்து, கடலூர் வீட்டில் இரண்டு மார்கழி நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இந்த மார்கழிக்குக் கனடாவில் நம் மீரா வீட்டில் இருக்கிறேன். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. கிறிஸ்துமஸ் விடுமுறை என்பதால், திருவாதிரைக்கு நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் மகள். முதல் நாள் உங்கள் தங்கையின் போன் வந்தது.

"எங்கண்ணன் போன நாளு அண்ணி அது. அங்க போயும் களி கிண்டப் போறீங்களா? நீங்க கான்வென்ட்டுல படிச்சவங்கன்னா இதெல்லாம் தெரியாதா?"

ஆபீசில் அத்தனை பேரை வேலை வாங்குகிற மீரா, அத்தையின் ஒரு போனுக்கு நடுங்கிவிட்டாள். "ஏழுகறிக் குழம்பு மட்டும் வெச்சிடலாம்மா. களி வேணாம். எதுக்கு வம்பு?"

களிக்குத் தொட்டுக்கொள்ளத்தானே அந்தக் குழம்பு? அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவதற்குப் பேர் திருவாதிரையா?

வந்தவர்களும் விடவில்லை. "என்னம்மா மீரா, சிதம்பரம் பக்கத்துக்காரங்க வூட்ல களியக் காணோம்? குளுருக்கு பயந்து ஓடிப்போச்சா?" என்று நெய்வேலிக்காரர் சிரித்தார்.

"அம்மாவுக்கு முன்ன மாதிரி முடியல அங்கிள்" என்றாள் உங்கள் மகள்.

எனக்கா முடியவில்லை? எழுந்தேன். அரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து மிக்ஸியில் உடைத்தேன். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டினேன். பின்னாலேயே வந்து மீரா, "அத்தைக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆவறது?" என்றாள்.

"தெரியணும். நானே சொல்றேன்."

எல்லாரும் காத்திருந்தார்கள். நெய்வேலிக்காரர் கடைசியில் பாத்திரத்தையே சுரண்டினார்.

சொன்னபடி போன் செய்தேன். "எங்கண்ணன மறந்துட்டீங்களா அண்ணி?" என்று அழுதாள். அவளுக்கு நீங்கள் அண்ணன் அல்லவா. அந்த அழுகை பொய்யில்லை. ஆனாலும் அவளைக் கேட்கிறேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போன மனிதரின் பேரைச் சொல்லி அடுப்பை அணைப்பதுதான் அவரை நினைப்பதா? என் புருஷனின் நாளில் அவருக்குப் பிடித்ததைச் சமைக்க, இன்னும் பிறக்காத எந்தக் குழந்தையிடம் நான் அனுமதி வாங்க வேண்டும்?

அடுத்த மார்கழிக்கு முன் ஊர் திரும்பிவிடுவேன். உங்கள் தங்கை வீட்டுக்கே போய், அவள் அடுப்பிலேயே களி கிண்டுவேன். கதவைச் சாத்தினால் திறக்கும்வரை வாசலில் நிற்பேன். அவளையும் உட்காரவைத்து ஒரு வாய் ஊட்டாமல் திரும்பமாட்டேன். இது சத்தியம்.

இன்னும் கோபம் தணியாத
உங்கள் மனைவி