பத்து மணி காலேஜ்

இன்று காலை கீழே போய் இஸ்திரிக்குக் கொடுத்த துணிகளை வாங்கி வந்தேன். எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் இன்னும் கரி போட்ட பெட்டிதான். கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் தண்ணீர் தெளித்துச் சூடான பெட்டியை ஏற்றும்போது ஒரு வாசனை கிளம்புமே, அது புடவையோடு மாடி வரைக்கும் வந்தது. கால் தானாகச் செருப்பைத் தேடியது. மணி பத்தாகப் போகிறது. நீ இருந்திருந்தால், "இன்னாடி ஆடி அசைஞ்சிக்கினு வர்ற, பஸ்ஸு பூடும்" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தியிருப்பாய். எந்தப் பஸ்? நமக்கு எந்தக் காலத்தில் பஸ் இருந்தது?

ப்ளஸ் டூ முடிந்த அந்த வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மாவுக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. அது இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. பகலில் வீட்டில் ஆள் வேண்டும், அந்த ஆள் நான். உனக்கும் அதே கதைதான். மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் எங்கள் சந்து முனையில் நின்ற இஸ்திரி வண்டி உன் அப்பாவுடையது. அம்மா இல்லாத வீட்டில் இரண்டு தம்பிகளையும் பார்த்துக்கொண்டு, பாதித் துணியை நீதான் தேய்த்தாய். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் கரஸ்ஸில், அதாவது அஞ்சல் வழியில், பி.காம். சேர்ந்தோம்.

முதல் பார்சல் வந்த அன்று நாம் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. எல்லாப் பாடப் புத்தகத்துக்கும் பிரவுன் அட்டை போட்டோம். லேபிள் ஒட்டினோம். உன் அப்பா இஸ்திரிப் பெட்டியால் அட்டைகளை மடிப்பு விழாமல் அழுத்திக் கொடுத்தார். பெரிய வேலையை முடித்துவிட்ட திருப்தியோடு காபி குடித்தோம். அடுத்த பார்சல் வந்தபோது முதல் பார்சலில் ஒரு பக்கம்கூடப் புரட்டியிருக்கவில்லை. அதற்கும் அட்டை போட்டோம்.

சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வீட்டிலிருந்து படிக்கிறவளைத் தின்பது ஒரே ஒரு வாக்கியம்: "வீட்லதானே இருக்கே." வீட்லதானே இருக்கே, குக்கரைக் கொஞ்சம் பாரு. வீட்லதானே இருக்கே, காஸ் வந்தா வாங்கி வை. மாடி வீட்டு அம்மா குழந்தையை விட்டுவிட்டுப் போவார், பக்கத்து வீட்டார் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் சமமாவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். முதல் வருஷம் அக்கவுண்ட்ஸில் தோற்றேன். ஆதம்பாக்கத்து அத்தை வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். டிகிரி வாங்கி ஒரு வேலைக்குப் போனால் அப்பாவின் வைத்தியத்தை நானே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அது கண்ணெதிரே கைவிட்டுப் போனது. இனிமேல் பரீட்சை எழுதப் போவதில்லை என்று உன் வண்டிக்குப் பக்கத்தில் வந்து அழுதேன்.

நீ சமாதானம் எதுவும் சொல்லவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

"நைட்டியோட குந்திக்கினு படிச்சா எவன்டி உன்ன ஸ்டூடண்ட்டுனு மதிப்பான்? மொதல்ல நீயே மதிக்க மாட்ட. நாளிக்கு உங்கம்மா பொடவ ரெண்டு எடுத்துக்கினு வா. நான் கஞ்சி போட்டு வெச்சிர்றேன்."

மறுநாள் பத்து மணிக்கு நம் காலேஜ் திறந்தது. மொடமொடக்கும் புடவை, தோளில் பை, காலில் செருப்பு. வாசல் வழியாக, "அப்பா, காலேஜ் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். மாட வீதி நான்கையும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். திரும்பி வரும்போது வாசலுக்குப் போகாமல், பின்சந்து வழியாகச் சுழல் படிக்கட்டில் ஏறி, எங்கள் வீட்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் உட்கார வேண்டும். அதன்பிறகு நாம் வீட்டில் இல்லை. யார் கேட்டாலும் காலேஜ் போயிருக்கிறோம். அப்பாவுக்குப் பக்கத்தில் பூஜை மணி இருக்கும், அவர் அடித்தால் மட்டும் இறங்கலாம். ஒரு மணிக்குக் காலேஜ் விட்டதும் அதே படிக்கட்டில் இறங்கி, பின்சந்து வழியாகச் சுற்றி, வாசல் வழியாக வீட்டுக்குள் வர வேண்டும். இந்தச் சட்டத்தில் நீ ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. பூக்காரம்மா ஒருநாள், "இன்னாமா தெனம் சுத்துறீங்க, எதுனா வேண்டுதலா?" என்று கேட்டாள். "ஆமா, அக்கவுண்ட்ஸ் சாமிக்கு" என்றாய்.

அப்பா முதல் நாளே புரிந்துகொண்டார். இடது கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்டினார். அவருக்கு வார்த்தை தெளிவாக வராது. ஆனாலும் யாராவது வந்து என்னைத் தேடினால், "கா...லேஜ்" என்று சொல்லி அனுப்பிவிடுவார் என்று மாடி வீட்டு அம்மா பின்னால் சொல்லித்தான் தெரியும்.

ஒருநாள் அத்தை சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கொட்டகையின் தகர இடுக்கு வழியாக நாம் பார்த்தோம். எழுந்து படிக்கட்டுக்குப் போனேன். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய்.

"எங்க போற? காலேஜ் வுடறதுக்கு இன்னும் டைம் கீது."

"அப்பா தனியா இருக்காருடி."

"மணி அடிச்சாரா? இல்லல்ல? குந்து."

மணி அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைக்கு எட்டும் தூரத்தில் மணி இருந்தும் அப்பா அடிக்கவே இல்லை. ஒரு மணிக்கு வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக நுழைந்தோம். வெயிலில் வியர்த்து, தோளில் பையோடு, மடிப்புக் கலையாத புடவையில். அத்தை வாயைப் பிளந்தாள்.

"ஏண்டி, நிஜமாவே காலேஜ்ல சேர்ந்துட்டியா? உங்கப்பன் சொன்னப்ப ஏதோ உளர்றான்னு நெனச்சேன்!"

"படிப்பு முடியற வரைக்கும் எதுவும் வேணாம் அத்தை" என்றேன். அதை அத்தையிடம் சொல்ல அதுவரை எனக்கு வாய் வந்ததில்லை. மாப்பிள்ளையின் அம்மா, "முடிக்கட்டுமே, நல்ல விஷயந்தானே" என்று எழுந்துகொண்டார். அப்பா கண்ணை மூடித் தூங்குவதுபோலப் படுத்திருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

நான் முடித்தேன். வேலைக்குப் போனேன். அப்பாவைக் கடைசிவரை நன்றாகவே பார்த்துக்கொண்டேன். நீதான் முடிக்கவில்லை. கடைசி வருஷம் கல்யாணமாகிக் கிண்டிக்குப் போனாய். காஸ்டிங் ஒரு பேப்பர் பாக்கி. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எழுதச் சொன்னேன், கெஞ்சினேன், திட்டவும் செய்தேன். "அட போடி, டிகிரி எதுக்கு? நான் காலேஜ் போனேன்ல, அது போதும்" என்று சிரித்தாய். எனக்கு அது போதவில்லை. அந்த ஒரு பேப்பருக்காக உன் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. நீ போன பிறகும் அது தணியவில்லை.

உன் பதினாறாம் நாள் முடிந்து கிளம்பும்போது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் வீட்டிலிருந்தேதான் படிக்கிறாள். பாடம் இப்போது பார்சலில் வருவதில்லை, திரையில் வருகிறது. நீ போன நாளிலிருந்து அதைத் திறக்கவே இல்லையாம். கசங்கிய நைட்டியில் நின்றுகொண்டு, "இனிமே படிக்க முடியும்னு தோணல ஆன்ட்டி" என்றாள். நான் அன்று உன் வண்டிக்குப் பக்கத்தில் அழுததுபோலவே அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அம்மா எந்த காலேஜ் ஆன்ட்டி? கேட்டா, மயிலாப்பூர்லன்னு மட்டும் சொல்லும். பேர் சொல்லாது."

என்ன சொல்வேன்?

"நானும் அவளும் ஒரே காலேஜ்தான்" என்றேன். "நாளைக்குப் பத்து மணிக்கு நல்லா இஸ்திரி போட்ட துணியில வா. காட்டுறேன்."

வந்தாள். உன் புடவை ஒன்றைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு வந்தாள். நான்கு வீதியையும் சுற்றினோம். எங்கள் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், சுழல் படிக்கட்டும் போய்விட்டது. அதனால் அவளை என் வீட்டுக்கே கூட்டி வந்து ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். இன்று அழைப்பு மணி அடித்தபோது, உன் வாசனை வீசும் இந்தப் புடவையைக் கட்டி முடித்திருந்தேன். கதவைத் திறந்தால் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறாள்.

"இன்னா ஆன்ட்டி, இன்னும் கெளம்பலியா? பஸ்ஸு பூடும்."