கறுப்பு வாகனம் நின்ற வாசல்கள்

மார்ச் 3, திங்கள்
பல்கலைக்கழகத்தின் உபவேந்தராக முதல் நாள். மாலை, குத்துவிளக்கு, முடிவே இல்லாத பேச்சுகள். "என் காலத்தில் இங்கே பகிடிவதை, ராகிங் எதுவும் இருக்காது" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த இரண்டாம் வருடப் பையன்கள் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 11, செவ்வாய்
முதலாம் வருட மாணவன் மதுரன் விடுதியை விட்டுக் கிரானுக்கு, வீட்டுக்கு ஓடிவிட்டான். கேட்டால் காய்ச்சலாம்! காய்ச்சல்காரன் ஒற்றைச் செருப்போடு மதில் பாய்வானா?

மார்ச் 12, புதன்
கிரானுக்கு நானே போனேன். அலுவலகத்துக்குக் கூப்பிட்டால் பையன் பயப்படுவான். வீட்டுக்குப் போவதுதான் மரியாதை என்று நினைத்தேன். சாரதி பாறூக் கறுப்பு உத்தியோக வாகனத்தைச் சரியாக வாசலில் நிறுத்தினார். தெருவே கூடிவிட்டது. மதுரனின் அம்மா சுலோஜனா கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "இரிங்க மெடம். எங்கட வளவுக்குள்ள நீங்க வாறதெண்டா..." அழுதுவிட்டார்.

பையன் சேர்ட்டைத் தூக்கிக் காட்டினான். முதுகு முழுக்க பெல்ட் அடி, சில இடங்களில் தோல் பிய்ந்திருந்தது. அடித்தவன் பெயரைக் கேட்டேன். வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: நிதுர்ஷன், இரண்டாம் வருடம்.

"நான் சொன்னதெண்டு தெரிஞ்சா கொன்றுவானுகள் மெடம்."

ஒருவருக்கும் தெரியவராது, திங்கட்கிழமை திரும்பி வா, நான் பொறுப்பு என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்
மதுரனை அடித்துப்போட்டார்கள். நேற்றுத்தான் வந்த பிள்ளை. குளியலறைக்குள் இழுத்துப்போய்க் கிரிக்கெட் விக்கெட்டால் அடித்திருக்கிறார்கள். கை முறிவு. இடது காது இனிக் கேட்காது என்கிறார் டொக்டர். பொலிஸுக்கு அவன் சொன்னது: "வழுக்கி விழுந்தனான்."

செய்தி பரவியதும் முதலாம் வருடமும் இரண்டாம் வருடமும் மோதிக்கொண்டன. கல், கதிரைக் கால், போத்தல். என் வாகனத்தின் முன்கண்ணாடியும் வெடித்தது.

நிதுர்ஷனைக் கூப்பிட்டு விசாரித்தேன். சிரித்துக்கொண்டு நின்றான்.

"சும்மா எங்களச் சொல்லாதீங்க மெடம். அவன் முறைப்பாடு குடுத்ததெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல. உங்கட வாகனம் கிரானுக்குப் போனத ஊரே கண்டது."

ஐயோ. என்ன செய்துபோட்டன் நான்!

அவன் கன்னத்தைப் பிளக்கத்தான் கையை ஓங்கினேன். கடைசி நொடியில் மேசையில் அறைந்தேன். மேசைக் கண்ணாடி உடைந்து உள்ளங்கையில் தையல். இப்போது எழுதுவது இடக்கையால்.

மார்ச் 19, புதன்
வளாகத்தை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினேன்.

மார்ச் 20, வியாழன்
ஆஸ்பத்திரி. சுலோஜனா முதலில் முகம் கொடுக்கவில்லை. பிறகு கேட்டார்: "எங்கட வாசல்ல மட்டும் கொண்டுவந்து நிப்பாட்டினீங்க. எல்லாற்ற வாசல்லயும் நிப்பாட்டியிருந்தா என்ட புள்ளையக் கண்டுபிடிச்சிருப்பானுகளா?"

முதலாம் வருடத்தாரின் விலாசப் பட்டியலை எடுக்கச் சொன்னேன்.

மார்ச் 22, சனி
"கண்ணாடிய மாத்துவமா மெடம்?" என்றார் பாறூக். வேண்டாம் என்றேன். அந்த வெடித்த கண்ணாடியோடே வெல்லாவெளியில் இன்னொரு மாணவனின் வீட்டுக்குப் போனோம். முதலாம் வருடத்துப் பிள்ளைகளின் வீடு ஒன்றையும் விடுவதாக இல்லை.

மார்ச் 27, வியாழன்
ஓட்டமாவடி, றுஸ்தியின் வீடு. முதலாம் வருடம். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "குளியலறைக் கதவப் பிடிச்சிக்கிட்டு நிண்டது நான்தான் மெடம். பிடிக்கச் சொன்னானுகள். உள்ளுக்க மதுரன் என்ட பேரச் சொல்லித்தான் கத்தினான்."

அவன் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "பொலிஸுக்குச் சொல்லுவியா?" என்றேன்.

"ஓம்."

ஏப்ரல் 2, புதன்
வாழைச்சேனை, நிதுர்ஷனின் வீடு. வாகனத்தைக் கண்டதும் அவன் அம்மா ஓடிவந்து கதிரையைத் துடைத்தார். அதே துடைப்பு. மகனுக்கு ஏதோ பரிசென்று நினைத்திருக்க வேண்டும். "மனே, இஞ்ச வா, ஆரு வந்திரிக்கா பாரு!"

வந்தான். சிரிப்பைக் காணவில்லை.

"நீ சொல்லுறியா, நான் சொல்லட்டுமா?"

பெல்ட், கதவு, விக்கெட், காது, எல்லாவற்றையும் நானே சொன்னேன். அம்மா நின்ற இடத்திலேயே கேட்டார். பிறகு விளக்குமாற்றை எடுத்தார். முதுகில், தோளில், முகத்தில். நான் தடுக்கவில்லை. தடுக்கவேண்டிய ஆளே நான்தான். நல்லாப் படட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காதில அடிக்காதீங்கம்மா!" என்று கத்தினான்.

அப்போதுதான் எழும்பிப்போய் அவர் கையைப் பிடித்தேன். என் தையல் பிரிந்துவிட்டது.

மே 5, திங்கள்
வளாகம் திறந்தோம். றுஸ்தி பொலிஸுக்குச் சொன்னதால் நிதுர்ஷன் விளக்கமறியல் சிறையில். மதுரன் றுஸ்தியோடு வந்தான். மதுரனின் இடப்பக்கமாக நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

வலப்பக்கம் போய்க் கூப்பிட்டேன்.